வேப்பமரத்தில் தொங்கிய எஞ்சின்

மொட்டைப்பாறைக்காரர்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. எடுத்துப் பழக்கமில்லை.

அந்த ஊர்க் கொம்பையாவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்ற செல்லக்கண்ணு போட்டது ஒரே நிபந்தனை. மாப்பிள்ளை காரில் வந்து இறங்க வேண்டும்; நடந்து வந்தால் பெண் கிடையாது. ஊரில் இருந்தது ஒரே கார், பழைய டீசல் வண்டி. மாப்பிள்ளை ஏறுகிற வண்டியாயிற்றே என்று டிரைவர் பவுன்ராசு அதைக் கழுவித் துடைத்து, உள்ளே முழுக்க, தன் காலடி உட்பட, ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரித்துவிட்டான்.

எஞ்சின் கிளம்பியது. கியர் விழவில்லை. கர்ரென்று பல்லைக் கடித்தது.

டவுன் மெக்கானிக் சேவியருக்குப் போன் போட்டார்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போடு, பிறகு ஓடவிட்டுப் போடு, எதில் விழவில்லை என்று சொல், என்றார் அவர். அணைத்துப் போட்டார்கள். வழுக்கிக்கொண்டு விழுந்தது. வாழைப்பழத்தில் ஊசி. ஓடவிட்டுப் போட்டார்கள். மறுபடி கர்ர்.

சேவியருக்குத் திரும்பச் சொன்னார்களா? எதற்கு? அதுதான் காரணம் தெரிந்துவிட்டதே.

"கியர் யோக்கியன். எஞ்சின் வாயைத் திறந்தாத்தான் தகராறு," என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆவுடையப்பன். "சபையில ஒருத்தன் வாயைத் திறந்தாலே சண்டை வருதுன்னா, யாரை வெளிய அனுப்பணும்?"

"வாயைத் திறந்தவனை," என்றான் பவுன்ராசு.

அனுப்பினார்கள். நட்டு போல்ட்டு எல்லாம் கழற்றி, கிணற்று வடத்தில் கட்டித் தூக்கி, எஞ்சினை வேப்பமரத்தில் தொங்கவிட்டார்கள். இப்போது எல்லாக் கியரும் விழுந்தது. ஊரே கை தட்டியது.

மாலையும் கழுத்துமாகப் பின் சீட்டில் இருந்த கொம்பையா மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். முகூர்த்தம் நெருங்குகிறது.

"மாமா, எஞ்சின் இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

"இவ்வளவு நேரம் இருந்துச்சே, போச்சா?"

ஊரே சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். மண்டபத்துக்கு ஏறும் மேட்டில் பவுன்ராசு முறையாக ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றினான். நானும் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்ட கொம்பையாவை, தரையில் கால் பட்டால் பெண் போச்சு என்று மாமா அதட்டினார்.

ஒருவழியாக நேரத்துக்குள் வாசலில் போய் நின்றது வண்டி. செல்லக்கண்ணு முகம் மலர்ந்தது. கொம்பையா ஒரு காலை வெளியே நீட்டினான். பெண் வீட்டு விருந்தாளியாக வந்திருந்த சேவியர் பானட்டைத் திறந்தார். பார்த்தார். மூடினார். கிளட்ச் பெடலுக்கு அடியில் கையை விட்டு ஜமுக்காளத்தை உருவி எறிந்தார்.

"இதுதான்யா கிளட்சை முழுசா அமுங்க விடலை. அது அமுங்காட்டி ஓடுற எஞ்சின்ல கியர் விழாது. எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்லை."

ஆவுடையப்பன் முகம் கறுத்தது. "குத்தம் செய்யாதவனையா தூக்குல போட்டோம்? அவன் அங்க தொங்க, இங்க நமக்குத் தாலி கேக்குதோ? முதல்ல அவனை இறக்கணும். திருப்புலே வண்டியை."

கொம்பையாவின் காலை உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினார்கள். மண்டபத்துக்குள் மேளக்காரன் குச்சியை ஓங்கிக் காத்திருக்க, மாப்பிள்ளை வந்த வழியே போய்க்கொண்டிருந்தான். செல்லக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டி ஓடிவந்து, டிக்கியைப் பிடித்து இழுத்தார்.

ஆவுடையப்பன் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார். "இழுக்காதீங்க சம்பந்தி. தள்ளணும்."

பின்னால் வந்தவர்கள் செல்லக்கண்ணுவையும் சேர்த்தே தள்ளினார்கள். இறக்கம் வந்தது. பவுன்ராசு டாப் கியரைப் போட்டான்.

வாழைப்பழத்தில் ஊசி.