மேல ஊசிக்குளத்தில் கிளி சொன்னபடி

மேல ஊசிக்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கீழ ஊசிக்குளம் என்று ஒன்று எங்கேயும் இல்லை. அது எங்கே போயிற்று என்று விசாரிக்க ஊரார் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. சும்மா தேடிக்கொண்டிருப்பானேன் என்று பள்ளிக்கூட நிர்வாகத்தையும் அதன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

கமிட்டியில் மூன்று பேர். தலைமையாசிரியர் கோமதிநாயகத்துக்குப் பிறவியிலேயே பாகற்காயைக் கடித்த முகம். செயலாளர் சிதம்பரவடிவு பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். பொருளாளர் தாசையா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், கமிட்டியில் மூளைக்காரர் என்று பெயர் எடுத்தவரும் அவரே. மூவரும் நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்தாள் இசக்கி. பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. கணக்கைக் காதால் கேட்டால் விடை நாக்கு நுனியில் நிற்கும். புத்தகத்தைத் திறந்தால்தான் வம்பு. எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று புது ஆளாக வந்து நிற்கும்.

"முழுப் பரீட்சைக்குள்ள வாசிக்கலன்னா டவுன்ல விடுதிப் பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்" என்று கோமதிநாயகம் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா மாடத்தி பீடி சுற்றுகிறவள். சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்ல, அந்தப் பேச்சிலேதான் அவள் கை ஓடும். அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. அன்றைக்கு மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து இசக்கியைச் சோதித்துப் பார்த்தார். "இது டிஸ்லெக்சியா. இவ புத்தியில ஒரு குறையும் இல்ல. எழுத்தும் சத்தமும் மனசுல ஒட்டுறதுக்கு வேற மாதிரிச் சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான்" என்றார். அடுத்த வாரம் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் எழுத்துக்கிளி என்று ஒரு மென்பொருள். திரையில் பச்சைக்கிளி ஒன்று வரும். ஓர் எழுத்தைக் காட்டி அதன் சத்தத்தைச் சொல்லும். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு சத்தத்தோடு சத்தம் சேர்த்து ஒரு சொல்லாக்க வேண்டும். பெரியவர்களுக்கும் அது அவ்வப்போது ஒரு யோசனை சொல்லும்.

"நீங்களா எதுவும் யோசிக்க வேண்டாம். கிளி சொல்றத அப்படியே செஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பஸ் ஏறிவிட்டார்.

யோசிக்க வேண்டாம் என்று அந்தக் கமிட்டியிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. மூன்று பேருக்கும் தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

முதல் நாள் கிளி சொன்னது: "பெரியவர்களே, வணக்கம். பிள்ளை தவறு செய்தால் முகம் சுளிக்காதீர்கள்."

சிதம்பரவடிவு திரும்பித் தலைமையாசிரியரைப் பார்த்தார். "சார், முகத்தச் சுளிக்காதிய."

"நான் எங்கவே சுளிச்சேன்? இதான் என் முகம்."

"கிளிக்கு அது தெரியாதுல்லா சார்."

தாசையா கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். "முகம் வெளிய இருந்தாத்தான சுளிக்கும்?" என்றார்.

கடையிலிருந்து ஒரு ஈரிழைத் துண்டு வந்தது. கோமதிநாயகத்தின் தலையோடு போர்த்தி, கழுத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டார்கள். அன்று முதல் அவர் துண்டுக்குள் இருந்தே பாடத்தை மேற்பார்வை செய்தார். இசக்கி முதலில் கொஞ்சம் மிரண்டாள். பிறகு பழகிவிட்டது. நிஜ முகத்துக்கு இது தேவலை என்று அவளே அம்மாவிடம் சொன்னாளாம்.

மறுநாள் கிளி, "பிள்ளையின் கவனத்தைக் கலைக்கும் பொருள் எதுவும் அறையில் இருக்க வேண்டாம்" என்றது.

கமிட்டி உடனே வேலையில் இறங்கியது. காலண்டர் போயிற்று. இந்திய வரைபடம் போயிற்று. மின்விசிறி சுற்றுகிறது, சுற்றுவது கவனத்தைக் கலைக்கும் என்று அதையும் கழற்றினார்கள். கரும்பலகை மட்டும் சுவரோடு இருந்ததால், அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கடைசியில் அறையில் கம்ப்யூட்டரும் இசக்கியும்தான் மிச்சம். தாசையா கதவோரம் நின்று கவனித்தார்.

"சார், பிள்ளை வேற எங்கயும் பாக்கல. கிளியவேதான் பாத்துக்கிட்டு இருக்கு."

"நல்லதுதானவே."

"என்ன நல்லது? இந்தப் பிள்ளை கவனத்த மொத்தமாப் பிடிச்சு வச்சிருக்கது யாரு? கிளி. அப்ப இந்த அறையில கவனத்தக் கலைக்குத பொருள் எது?"

துண்டு மெல்லக் கிளிப் பக்கம் திரும்பியது. "தன்னைத்தானே சொல்லியிருக்கு, பாருமே" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார் கோமதிநாயகம். "எவ்வளவு அடக்கம்."

கடையிலிருந்து இன்னொரு துண்டு வந்தது. அதைத் திரைமேல் போர்த்தினார்கள். ஒரு துண்டுக்குள் தலைமையாசிரியர், இன்னொரு துண்டுக்குள் கிளி. இரண்டுக்கும் நடுவே இசக்கி. "இந்த எழுத்தைப் பார்" என்று கிளி உள்ளிருந்து சொல்லும். அவள் துண்டைப் பார்ப்பாள். அதில் கரை நன்றாக இருந்தது.

அடுத்து வந்தது மணல். "பிள்ளை எழுத்தை மணலில் விரலால் எழுதிப் பழகட்டும்" என்றது கிளி. ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் மணல் போதும். எவ்வளவு என்று கிளி சொல்லவில்லை. சொல்லாததைக் குறைத்துச் செய்வது கிளிக்கு மரியாதை ஆகாது என்று கமிட்டி கருதியது. லாரி வந்து முற்றத்தில் கொட்டிவிட்டுப் போயிற்று. பின்னாலேயே போலீஸ் வந்தது. எங்கள் பக்கம் ஆற்றுமணல் என்றால் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை.

"எதுக்குவே இவ்வளவு மணல்? யார் சொல்லி அடிச்சீரு?" என்று கேட்டார் ஏட்டையா.

"கிளி சொல்லிச்சு" என்றார்கள் மூவரும்.

ஏட்டையா துண்டு கட்டிய தலையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டைப் பார்த்தார். வழக்குப் பதிய மனம் வராமல் போய்விட்டார்.

இப்படி எல்லாம் சரிப்பட்டு வந்த பிறகு, இசக்கி ஒருநாள் துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, தப்பில்லாமல் "ப" என்றாள். "சரியான விடை" என்றது கிளி. "பெரியவர்களே, உடனே பாராட்டுங்கள்."

இங்கேதான் ஊரின் குணம் முழுசாக வெளிப்பட்டது. மேல ஊசிக்குளத்தில் யாரும் யாரையும் வெறும் வாயால் பாராட்டியது கிடையாது. பாராட்டு என்றால் பந்தல் வேண்டும். மைக் வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் வேண்டும். பொன்னாடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு பிளெக்ஸ் வேண்டும்.

"சபாஷ்னு சொன்னாப் போதாதா சார்?" என்று இசக்கி கேட்டாள்.

"அது பாராட்டு இல்ல தாயி" என்றார் சிதம்பரவடிவு. "அது வெறும் பேச்சு."

மணல் குவியலைச் சுற்றியே பந்தல் எழுந்தது. 'ப என்னும் எழுத்தை அறிந்த இசக்கிக்குப் பாராட்டு விழா' என்று பிளெக்ஸ். அதன்கீழே ஆள் உயரத்தில் மூவர் பெயரும், ஓரத்தில் வரவேற்புரை முதல் நன்றியுரை வரை நிகழ்ச்சி நிரலும். பள்ளிக்கூடத்தில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டு மைக்கைச் சொருகினார்கள். இசக்கியை மணல்மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

சிதம்பரவடிவின் மைக் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எதையும் இரண்டு தரம் சொல்லும். அதற்குப் பயந்து பேச்சாளர்கள் ஒவ்வொரு சத்தமாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். "கோ" என்பார் ஒருவர். மைக் இன்னொரு தரம் "கோ" என்று முடிக்கும்வரை பொறுத்திருந்து "ம" என்பார். ஒரு கோமதிநாயகம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். பேசுகிற ஒவ்வொருவரும் மூன்று பெயரையும் பிளெக்ஸில் எழுத்து எழுத்தாகக் கையால் காட்டியே விளித்தார்கள்.

'ப'வுக்கு விழா முடிந்ததும் 'ட'வுக்கு விழா. ஒரு எழுத்துக்குப் பாராட்டு பாக்கி நிற்கும்போது அடுத்த எழுத்தைச் சொல்லக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. கம்ப்யூட்டர் ஓடிய நேரம் கொஞ்சம், மைக் ஓடிய நேரம் அதிகம்.

பந்தலில் உட்கார்ந்திருந்த இசக்கிக்குப் பொழுது போகவில்லை. பேச்சைக் கேட்க வேண்டியது, பிளெக்ஸைப் பார்க்க வேண்டியது, காலடியில் இருந்த மணலில் விரலை ஓட்ட வேண்டியது. "கோ" என்று மைக் சொல்லும்போது எதிரே பேச்சாளர் கை எந்த எழுத்தின்மேல் நிற்கிறதோ, அதை மணலில் வரைவாள். அடுத்த ஆள் பேசும்போது அதே எழுத்து, அதே சத்தம். அலுத்துப்போகிற அளவுக்கு அதேதான். சித்திரை பிறக்கும் முன்னே அவள் அந்த மூன்று பெயரையும் கரைத்துக் குடித்துவிட்டாள். பிறகு வரவேற்புக்குப் போனாள். பிறகு நன்றிக்கு. இது கமிட்டிக்குத் தெரியாது. அவர்கள் மேடையில் பேச்சில் இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மாடத்தி பீடி இலையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் அந்தப் பையை இழுத்து மடியில் விரித்து, விரலை வைத்து, "தா... சை... யா... தாசையா. ஜவுளி... மாளிகை" என்றாள்.

"கடைப் பேரு உனக்குத் தெரியும்லா" என்றாள் அம்மா.

இசக்கி பையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மாடத்திக்கே தெரியாது, அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. "கி... ழி... கிழியாது. கிழிந்தால்... கேளுங்கள்" என்று மெல்ல வாசித்தாள் மகள்.

மாடத்தியின் கை நின்றுவிட்டது. "இன்னொரு மட்டம் சொல்லுட்டி" என்றாள். இசக்கி இன்னொரு தரம் வாசித்தாள். மாடத்தி பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று அவள் சுற்றியது கொஞ்சம்தான், ஆனால் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

முழுப் பரீட்சைக்கு ஒரு கல்வி அதிகாரி அம்மா வந்தார். இசக்கியிடம் புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். விரலை அடியில் வைத்து, சத்தத்தோடு சத்தம் சேர்த்து, திணறித் திணறி ஒரு பக்கம் வாசித்து முடித்தாள் இசக்கி.

"இவளை எதுக்கு விடுதிக்கு அனுப்பணும்? இங்கேயே படிக்கட்டும்" என்றார் அதிகாரி. வாசலில் நின்ற மாடத்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதிகாரி கம்ப்யூட்டர்மேல் கிடந்த துண்டை விலக்கிப் பார்த்தார். கிளி இன்னும் முதல் பாடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, இனி இந்தப் பிள்ளைக்கு இது தேவைப்படாது" என்றார். "வாசிக்கச் சிரமப்படுற பிள்ளை வேற யாராவது இங்க இருக்கா? இல்லேன்னா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடலாம். பள்ளிக்கூடம் திறந்ததும் ஆள் அனுப்புறேன்."

அதிகாரி போனதும் கமிட்டி அவசரமாகக் கூடியது.

"கிளி போயிட்டா என்னவே செய்வோம்?" என்றது துண்டு.

"மறுபடியும் நாமதான் சார் யோசிக்கணும்" என்றார் சிதம்பரவடிவு.

தாசையா கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார். "வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒண்ணு நம்மகிட்ட இருந்துச்சு. நல்ல பிள்ளை. சொன்னா கேக்கும்."

இசக்கியை அழைத்து உட்கார வைத்தார்கள். கோமதிநாயகம்தான் பேசினார். "தாயி, நீ வாசிச்சது எங்களுக்கு ரொம்பப் பெருமை. இந்த லீவுக்குள்ள அத மறந்துரணும்."

"எப்படி சார் மறக்க?"

"அத நீதான் பாத்துக்கிடணும். வேற என்ன உதவி வேணும்னாலும் கமிட்டி செய்யும்."

இசக்கி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு இவர்கள் பழகிப்போய்விட்டார்கள். "மறக்கணும்ங்கதே எனக்கு மறந்து போயிட்டுன்னா சார்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிள்ளை சொல்லுததுல விஷயம் இருக்கு" என்றார் தாசையா.

மறுநாள் மாடத்தி வீட்டுக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். 'அன்புச் செல்வி இசக்கி அவர்கள் எழுத்து அனைத்தையும் அடியோடு மறந்துவிடுமாறு கமிட்டி சார்பில் அன்புடன் வேண்டுகிறோம்' என்று ஆள் உயர எழுத்து. தினமும் காலையில் எழுந்ததும் அதை ஒரு தரம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு.

இசக்கி ஒருநாளும் தவறவில்லை. முதலில் திணறினாள். பிறகு வேகம் பிடித்தாள். மாடத்தி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். சரிபார்க்கக் கமிட்டி எதிரே வந்து நிற்கும்.

"இன்னும் மறக்கல போலிருக்கே" என்பார் சிதம்பரவடிவு.

"மறக்கல. ஆனா ஒரு தப்பு இல்லாம வாசிச்சிட்டா" என்பார் கோமதிநாயகம்.

"அப்ப கிளி என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தாசையா கக்கத்திலிருந்து பொன்னாடையை எடுப்பார்.

இப்போது மாடத்தி வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை. போன வாரம் அதில் ஒன்றைக் கோமதிநாயகம் கேட்டு வாங்கிக்கொண்டார். முகத்தில் கட்டியிருந்த துண்டு நைந்துபோய், உள்ளே இருப்பது கிளிக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டதாம்.