நெஞ்சில் ஊன்றிய நெடுங்கோல்

முன்னொரு காலத்தில், எதிரி படையெடுத்து வந்தபோதும் "ஆட்டம் முடியட்டும், சற்றுப் பொறும்" என்று சொல்லியனுப்பிய ராஜா ஒருவர் இருந்தார். மகுடவர்மர் என்று பெயர். எதிரி ராஜாவும் பொறுத்தார். பொறுத்துப் பொறுத்து ஆட்டத்தில் மயங்கி, போரை மறந்து, தானும் ஒரு கோல் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆட்டத்துக்குக் குழிப்பந்து என்று பெயர். புல்தரையில் ஒரு குழி, ஒரு மரப்பந்து. கோலால் தட்டிப் பந்தைக் குழியில் விழவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கடைசி மூன்று முழத் தூரம் இருக்கிறதே, அதில் ஒரே நாளில் தலை நரைத்தவர்கள் உண்டு.

சித்திரைப் பௌர்ணமியன்று சபையினர் அனைவரும் ஆடியாக வேண்டும். கடைசியாக வருகிறவர் ஓராண்டு எல்லைக் கோட்டைக்குக் காவல் போக வேண்டும். அங்கே கொசு ஒவ்வொன்றும் புறா அளவு. இரண்டு கொசு சேர்ந்தால் ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போய்விடும்.

சபையின் விகடர் மாசிலாமணிக்கு அறுபது தாண்டியதும் கை நடுங்கத் தொடங்கியது. தயிர்க் கிண்ணத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் வெண்ணெய் திரண்டு மேலே நிற்கும். இந்தக் கையோடு ஆடினால் எல்லைக் கோட்டைதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யோசித்தார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோல் செய்தார். அதன் தலையை நெஞ்சில் ஊன்றி, கீழே ஒரு கையால் மெல்லத் தள்ளினார். ஊஞ்சல் போலக் கோல் ஆடியது. பந்து வீட்டுக்குப் போவதுபோலக் குழிக்குப் போயிற்று. அந்த ஆண்டு அவரே முதல். இரண்டாவதாக வந்த மந்திரி அனந்தகீர்த்தி இரண்டு நாள் சோறு தொடவில்லை.

மூன்றாம் நாள் மந்திரி சபையில் எழுந்தார்.

"மகாராஜா, குழிப்பந்து என்பது கைக்கு வைக்கும் பரீட்சை. கை நடுங்குமா, நடுங்காதா? அதுதான் கேள்வியே. கோலை உடம்பில் ஊன்றிக்கொண்டால் அப்புறம் எதற்குப் பரீட்சை?"

மாசிலாமணி கும்பிட்டார். "மந்திரியார் என் கோல் நீண்டதைப் பார்த்தார்கள். குழி அகலமாயிற்றா என்று பார்க்கவில்லை. தளபதியார் பனை உயரம். நான் பானை உயரம். அவரவர் உடம்புக்கு ஏற்றபடி கோல் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?"

தளபதி வீரகண்டர் மீசையைத் தடவினார். "ஓய், நாளைக்குப் பனைமரத்தையே கோல் என்று கொண்டுவருவீரோ?"

"நீர் தூக்கிக்கொண்டு வருவதானால் எனக்கென்ன காணும், ஆடுகிறேன்."

ராஜாவுக்கு இருவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக எழுந்து போனார். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் மந்திரி. ஆகையால் பாயசம் வருவதற்குள் மந்திரி சொன்னதே சரி என்றாகிவிட்டது.

ஆணை எழுதப்பட்டது. கோல் இரண்டு முழத்துக்கு மேல் போகக்கூடாது. ஆடும்போது கையைத் தவிர உடம்பில் எங்கும் அது படக்கூடாது. கண்டுபிடிப்பதற்காகக் கோலின் தலையில் குங்குமக் குழம்பு பூசப்படும். பட்டவர் அன்று அந்தி சாய்வதற்குள் எல்லைக் கோட்டைக்குப் புறப்பட வேண்டும்.

"'எவராயினும்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தளபதியார் நழுவிவிடுவார்" என்றார் மாசிலாமணி.

"சேர்த்தாயிற்று!" என்று மந்திரி கொட்டை எழுத்தில் எழுதினார்.

"ஆணையை நிறைவேற்றும் பொறுப்பையும் எனக்கே தர வேண்டும். எப்படியும் போகப்போகிறவன் நான்தானே? என் மூட்டையை நானே கட்டிக்கொள்கிறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சரி என்றார்.

இங்கே அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகுடவர்மருக்குத் தொந்தி உண்டு. சாதாரணத் தொந்தி அல்ல. அது சபைக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராஜா வருவார். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பார்க்கவும் கூடாது. தையற்காரர் ஆண்டுதோறும் இரண்டு முழம் துணி கூட்டி வெட்டிவிட்டு, "போன வருஷத்து அளவுதான் மகாராஜா" என்பார். பிள்ளையாரைப் பாடும் ஓதுவார்கூடத் தும்பிக்கையோடு நிறுத்திக்கொள்வார். இப்படிப் பார்க்காமலே பழகிப் பழகி, அங்கே ஒரு தொந்தி இருக்கிறது என்பதையே மந்திரி சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

அடுத்த சித்திரைப் பௌர்ணமி வந்தது. முதல் ஆட்டம் ராஜாவுடையது. வெண்பட்டு உடுத்தி வந்தார். இரண்டு முழக் கோலைப் பிடித்துக் குனிந்தார். கோலின் தலை தொந்திக்குள் போய் மறைந்தது. பந்து உருண்டு குழியில் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது.

"அபாரம்! அபாரம்!" என்று சபை கூவியது. வெண்பட்டில் தாம்பாளம் அளவுக்குச் செக்கச்செவேல்.

மாசிலாமணி கை தட்டினார். இருபத்துநாலு பேர் ஒரு பல்லக்கைத் தூக்கி வந்து வைத்தார்கள். பின்னாலேயே மெத்தை, கொசுவலை, இரண்டு ஜாடி ஊறுகாய்.

"யாருக்கு ஓய் இதெல்லாம்?" என்றார் ராஜா.

"தங்களுக்குத்தான் மகாராஜா. அந்தி சாய இன்னும் நாலு நாழிகை இருக்கிறது. மகாராணியாரிடமும் சொல்லியாயிற்று. 'ஒரு வருஷம்தானா?' என்று கேட்டார்கள்."

ராஜாவின் முகம் குங்குமத்தை மிஞ்சியது. "என் கோல் எங்கேயடா பட்டது?"

"அதைச் சொல்ல நான் யார்? ஆணை எழுதியவர் மந்திரியார். கழுகுக் கண் படைத்தவர் தளபதியார். அவர்களைக் கேட்டருள வேண்டும்."

தளபதி அவசரமாகக் கண்ணைக் கசக்கினார். "எனக்குக் காலையிலிருந்து கண்வலி, மகாராஜா."

மந்திரிக்கு அப்போதுதான் தொந்தி ஞாபகம் வந்தது. பட்டது என்றால் தொந்தியைச் சொன்ன குற்றம். "அது... சந்தனம், மகாராஜா."

"சிவப்பாக இருக்கிறதே?"

"செஞ்சந்தனம். கோல் எதன்மேலும் படவில்லை. படுவதற்கு அங்கே எதுவுமே இல்லை!"

"நல்லது" என்றார் மாசிலாமணி. "குங்குமம் ஒட்டியும் படவில்லை என்பது மந்திரியாரின் தீர்ப்பு. அப்படியானால் என் நெஞ்சில் ஒட்டப்போவதும் சந்தனம்தான். பல்லக்கைத் திருப்புங்களப்பா. என் நெடுங்கோலைக் கொண்டுவாருங்கள்."

ராஜா மெதுவாகக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"மாசிலாமணி, என் கால் எங்கே?"

சபையினர் எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"ஒன்பது வருஷமாக நான் என் காலைப் பார்க்கவில்லை. ஒருவரும் சொல்லவில்லையே?"

"கால் அங்கேதான் இருக்கிறது மகாராஜா. தினமும் அதில்தானே விழுந்து எழுந்திருக்கிறேன்."

ராஜா முதலில் உறுமினார். உறுமல் இருமலாயிற்று, இருமல் சிரிப்பாயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் தோட்டத்து மயில்கள் மதில் தாண்டிப் பறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆணையைக் கிழித்துப் போடும் மந்திரி. அவரவர் உடம்பு, அவரவர் கோல். குழி எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்றார்.

ஆட்டம் தொடர்ந்தது. நெடுங்கோலோடு மாசிலாமணி ஒரே தட்டில் முடித்துவிட்டார். கடைசி இடத்துக்கு மந்திரியும் தளபதியும் மட்டும் மிச்சம். பயத்தில் மந்திரியின் கை வெடவெடவென்று ஆடியது. மாசிலாமணி பக்கத்தில் போய்த் தன் கோலை நீட்டினார்.

"பிடியும். நெஞ்சில் ஊன்றிக்கொள்ளும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்."

மந்திரி நாலு பக்கமும் பார்த்தார். வாங்கினார். ஊன்றினார். பந்து விழுந்தது. குட்டைக்கோலை விடமாட்டேன் என்று நின்ற தளபதிக்கு ஏழு தட்டு ஆயிற்று. மானஸ்தர்; தானே போய்ப் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியிடம் கொடுத்தார். நடுங்கும் கையோடு மாசிலாமணியால் கொக்கியை மாட்ட முடியவில்லை. மந்திரிதான் பின்னால் வந்து நின்று மாட்டிவிட்டார். அவருக்கும் மூன்று தடவை தவறியது.