முதல் இலை யாருக்கு

மூன்று கப்பல்கள் ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்து ஊதிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எங்கள் பவழத்தீவைத் தங்கள் கடல் பாதுகாப்புக் கூட்டணியில் சேர்க்க மூன்று பெரிய நாடுகளின் தூதர்கள் வந்திருந்தார்கள். சேர்ந்தால் அவர்களுடைய சண்டையெல்லாம் எங்கள் தலையில் விடியும். மறுத்தால் எங்கள் மீனை அவர்கள் வாங்கமாட்டார்கள்.

பிரதமர் அறவாழி நாங்கள் வேலை செய்த அரசு விருந்து மாளிகைச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். “சரி என்றும் சொல்லக்கூடாது, மாட்டோம் என்றும் சொல்லக்கூடாது. என்ன செய்வது, தெய்வயானை?”

“முதலில் சாப்பிடட்டும் ஐயா” என்றாள் பந்தி பரிமாறும் தெய்வயானை.

இலை போட்டதும் மூத்த தூதர் முழங்கினார். “எங்கள் கூட்டணியில் பெரியவர் சிறியவர் கிடையாது. எல்லோரும் சமம்.”

தெய்வயானை பாயச வாளியோடு வந்து நின்றாள். “முதல் இலையில் உட்காருகிறவருக்குத்தான் இங்கே முதலில் பரிமாறுவோம். உங்களில் யார் ஐயா அது?”

“நான்தான். கப்பல்கள் எங்களிடம்தான் அதிகம்” என்றார் மூத்த தூதர்.

“யோசனை எங்களுடையது” என்றார் இரண்டாமவர்.

“செலவு யாருடையதாம்?” என்றார் மூன்றாமவர்.

மூவரும் நின்றுகொண்டே வாதாடினார்கள். சோறு ஆறிப்போனது.

தெய்வயானை வாளியைக் கீழே வைத்தாள். “உங்கள் கூட்டணியில் கடைசி இலை போதும் எங்களுக்கு. முதல் இலை யாருக்கென்று நீங்கள் பேசி முடித்துச் சொல்லி அனுப்புங்கள் ஐயா. அன்றைக்கே வந்து உட்காருகிறோம்.”

“எங்கள் அரசின் பதிலும் அதுதான்” என்று பிரதமர் கைகூப்பினார்.

கப்பல்கள் தனித்தனியாக ஊதிக்கொண்டு போயின. மீன் வியாபாரம் நிற்கவில்லை. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தெய்வயானை ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறாள். அங்கே அவளுக்குத்தான் முதலில் பரிமாறுகிறார்கள்.