கலங்கிய குழாய்

வெள்ளிங்கிரி தன் மனைவி மருதியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அவள், "ஜீப்ப ஓரமா நிறுத்திட்டு வா. பின்னாடி வர்றவன் கத்தறான்" என்றாள். அவர் நிறுத்திவிட்டு வருவதற்குள் போய்விட்டாள்.

சிக்கிள் செல் நோய் என்றார்கள். பெற்றவர்கள் வழியாக ரத்தத்தில் வருவது. கட்டிக்கொண்டு வந்தபோது மருதி நன்றாகத்தான் இருந்தாள். மகள் தெய்வானை பிறந்த பிறகுதான் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிங்கிரி ஆஸ்பத்திரி ஜீப்பின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கேயே லேபில் வேலை கற்றுக்கொள்ளப் போனார். லேபை நடத்தியவர் டாக்டர் பொன்னி. வெள்ளிங்கிரி பிறந்த அதே மலையைச் சேர்ந்தவர், அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரைத்தான் வெள்ளிங்கிரி குருவாக வைத்துக்கொண்டார்.

முதலில் கற்றது குழாய்ச் சோதனை. மருந்து நீரில் ஒரு சொட்டு ரத்தம், குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை. கோடு தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். நீர் கலங்கிக் கோடு மறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

சொந்தக்காரர் ரத்தத்தைத் தானே பார்க்கக் கூடாது என்பது அந்த லேபின் வழக்கம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வெள்ளிங்கிரி அதை மீறி அவள் ரத்தத்தைக் குழாயில் விட்டுப் பார்த்தார். கோடு மறைந்தது.

மறுநாள் காலை டாக்டர் கேட்டார்.

"என்னண்ணா, மூஞ்சி தொங்குது? மாப்பிள்ளை வீட்ல பைக் கேட்டாங்களா?"

"கல்யாணத்த நிறுத்தப்போறேன் டாக்டரம்மா. தெய்வானைக்கும் அவங்கம்மா நோய்தான். ஒரு பிரசவம் ஆனாப் போதும்."

"யாரு சொன்னா?"

"குழாய் சொல்லுச்சு."

"நீங்களே பாத்தீங்களாக்கும்."

வெள்ளிங்கிரி ஆமாம் என்று தலையாட்டினார்.

டாக்டர் திட்டவில்லை. தன் விரலைக் குத்தி ஒரு சொட்டைப் புதுக் குழாயில் விட்டு நீட்டினார்.

"இதப் பாத்துச் சொல்லுங்க."

சற்று நேரத்தில் குழாய் கலங்கியது. கோடு மறைந்தது. வெள்ளிங்கிரி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"மருந்து கெட்டுப்போச்சு டாக்டரம்மா."

"அப்பிடியா? உங்க விரலக் குடுங்க."

அவருடைய குழாயில் கோடு பளிச்சென்று தெரிந்தது. மருந்தில் குறை இல்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பிரசவத்துக்கும் நீங்கதான் ஜீப் ஓட்டினீங்க. எப்பிடிண்ணா வீட்டுக்குத் திரும்பினேன்?"

"நல்லாத்தான் திரும்பினீங்க. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாத மாதிரி வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தீங்க."

"அப்ப?"

"அப்ப குழாய் பொய் சொல்லுதா?"

"பாதி சொல்லுது. மீதியக் கேக்கலாம். மகளையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க."

இருவர் ரத்தத்தையும் ஒரு பட்டையில் வைத்து மின்சாரம் விட்டார் டாக்டர். நல்ல ஹீமோகுளோபின் முன்னால் ஓடும், சிக்கிள் பின்தங்கும் என்றார். நோய் உள்ளவருக்குப் பின்கோடு மட்டும்தான் விழும்.

மாப்பிள்ளைக்கு ஒரே கோடு, முன்னால். தெய்வானைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"எனக்கும் இப்பிடித்தான் ரெண்டு. தெய்வானைக்கு நோய் இல்லண்ணா, அத ரத்தத்துல சுமக்கிறா, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு அதுவும் இல்ல. பொறக்கிற பிள்ளைக்கும் இந்த நோய் வராது. போய்ப் பந்தலுக்குச் சொல்லுங்க."

வெள்ளிங்கிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். பிறகு பட்டையைக் குனிந்து பார்த்தார்.

"பின்னாடி நிக்கிற இந்தக் கோட்ட எடுத்துவிட மருந்து இல்லீங்களா டாக்டரம்மா?"

"எதுக்குண்ணா எடுக்கணும்? முன்னாடி ஓடினது நீங்க குடுத்தது. பின்னாடி நிக்கிறது மருதியக்கா குடுத்தது."