ரோமாபுரிக் கூஜா

“பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லைம்மா! வாங்க வர்றானே தவிர, பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லை!”

ஏலகிரி அடிவாரத்தில், பூரணி அம்மாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாண்டவராயன் இதைச் சொன்னது அன்றைக்கு இரண்டாவது முறை. காரில் வரும் வழியெல்லாம் சொன்னதையும் சேர்த்தால் மனைவி வேதநாயகிக்குத் தலை சுற்றும்.

“உங்களுக்குக் கொடுக்க மனசில்லை. வர்றவன் மேல எதுக்குப் பழியைப் போடறீங்க?” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து சும்மாதானே இருக்கேன்? அந்தக் கூஜாவுக்காவது கண்ணாடிப் பெட்டி கிடைச்சது.”

பூரணி அம்மா புடலங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. வயதில் அவர் தாண்டவராயனுக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், முழங்கால் படபடவென்று சொடுக்கினாலும் பரவாயில்லை என்று அவர் எதிரே தரையில்தான் உட்காருவார்.

உபதேசம் வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “கை காலியா வாங்க.”

தாண்டவராயனின் வீட்டில் அப்போது கடிகாரமும் வாளும் விளக்கும் நாணயமும் மனிதருக்கு இடம் விடாமல் குடியிருந்தன. எல்லாவற்றையும் விற்றார். ஒன்றுதான் மிச்சம். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா நேப்பிள்ஸ் துறைமுகத்தில் வாங்கி வந்த ரோமாபுரி வெண்கலக் கூஜா. அரசாங்கத்தில் முறையாகப் பதிந்த பொருள். அதைப் பழம்பொருள் சேகரிப்பவர்களுக்குக் கொடுப்பதாக அவரே சொல்லி அனுப்புவார். அவர்களும் வருவார்கள். ஒருவர் நகத்தால் தட்டினார், தகுதியில்லை. ஒருவர் வெற்றிலை போட்ட வாயோடு குனிந்தார், தகுதியில்லை. ஒருவர் பார்ப்பதற்கு முன்பே விலை கேட்டார், அவருக்குக் காப்பிகூட வரவில்லை. மற்ற எல்லாருக்கும் காப்பி போட்டது வேதநாயகி.

“எனக்குப் பணம் பெரிசில்லைம்மா,” என்றார் தாண்டவராயன். “தகுதியான கைக்குப் போகணும். அந்தத் தகுதியானவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைச் சொல்லுங்க.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “இப்ப யார் யார் கேட்டிருக்காங்க?”

“பல் டாக்டர் ஜெரால்டு. தேவகோட்டை மெய்யப்பன். ரெண்டு பேரும் விடமாட்டேங்கறாங்க.”

“ஞாயித்துக்கிழமை இங்க சாப்பிட வரச் சொல்லுங்க. கூஜாவும் வரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் முதலில் வந்தார்கள். அவர் மடியில் கூஜா இருந்த தேக்குப் பெட்டி. அவள் மடியில் பால் பாயசத் தூக்கு. பள்ளம் வந்தபோதெல்லாம் அவர் டிரைவரைத் திட்டியது பாயசத்துக்காக இல்லை.

“பெட்டியை எங்கிட்ட கொடுங்க. நான் ஒரு தரம் பாத்துக்கறேன்,” என்றார் அம்மா. “நீங்க வாசலுக்குப் போய் அவங்களை அழைச்சுக்கிட்டு வாங்க.”

குருவிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சமையலறையில் அம்மா பெட்டியைத் திறந்தார். கண்ணாடி குறுக்கே இல்லாமல் வேதநாயகி அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாசி படிந்த குளத்துப் படி மாதிரி ஒரு பச்சை. கைப்பிடி அடியில் தாடிக்காரன் ஒருவனின் குட்டி முகம், உச்சியில் ஓர் இலை.

“இதை எதுக்குச் செஞ்சாங்களாம்?” என்றார் அம்மா.

“விருந்துக்கு வந்தவங்க கை கழுவத் தண்ணி ஊத்தறதுக்காம். வர்றவங்ககிட்டல்லாம் அவர் ஒப்பிக்கறதுதான்.”

“அப்ப சரி.” அம்மா கூஜாவை இரண்டு முறை அலசினார், தண்ணீர் நிரப்பி அவளிடம் நீட்டினார். வெறும் பெட்டியை மூடி, மேலே பட்டுத் துணியைப் போர்த்திக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தார்.

“அம்மா! அவர் என்னை இதைத் தொடவே விட்டதில்லை!”

“நான் பரிமாறணும். நீ ஊத்து.”

கனமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்த மாத்திரத்தில் அவள் கட்டைவிரல் தானாக மேலே ஏறி அந்த இலையின் மேல் உட்கார்ந்தது. இலையின் நடுவில் ஒரு சின்னக் குழி. உளி வெட்டின குழி இல்லை, விரல் தேய்த்துத் தேய்த்து விழுந்த குழி. யார் வீட்டுச் சமையலறையிலோ, யாருடைய விருந்தாளிகளுக்காகவோ, எத்தனை பேருடைய கட்டைவிரலோ! வேதநாயகிக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

கொல்லைப்புறத்தில் வாழைமரத்தடியில் ஜெரால்டு முதலில் கையை நீட்டினார். “அந்தக் காலத்து வெண்கலமே தனி சார். பத்தடி தூரத்துல இருந்தே நான் கண்டுபிடிச்சிடுவேன்,” என்று பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே கழுவினார்.

“எனக்குக் கண்ணே வேண்டாம்,” என்றார் மெய்யப்பன். “கனமே பேசும்.” தண்ணீரைப் பார்த்து, “போதும், போதும்,” என்றார்.

அடுத்து தாண்டவராயன். அவர் கண் முழுக்கக் கூடத்துப் பெட்டியின் மேல் இருந்தது.

“மெதுவா ஊத்தேன், வேட்டியில தெறிக்குது.”

வேதநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வயிறு குலுங்கியது.

“என்ன சிரிப்பு?” என்றார் அவர், திரும்பாமல்.

“ஒண்ணுமில்லை. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

“ம்.”

ஊற்றினாள்.

சாப்பாடு அமர்க்களமாக இருந்தது. புடலங்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு, அப்பளம், பாயசம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அம்மாவும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆண்கள் மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தபடியே மென்றார்கள். நடுவில் அம்மாவின் பூனை வந்து, சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றி, பட்டுத் துணியின் மேல் ஏறிப் படுத்தது. மூன்று பேரும் ஒரே குரலில் “ஏய்!” என்று அலறினார்கள். பூனை கொட்டாவி விட்டது. வேதநாயகிக்குப் பாயசம் புரையேறியது. அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, எல்லாருக்கும் முன்னால் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

இலையை மடித்த கையோடு ஜெரால்டு இடது கையால் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். “சரிம்மா, பாத்திரத்தைக் காட்டுங்க.”

“பார்த்தாச்சே,” என்றார் அம்மா.

“எப்ப?” என்றார் மெய்யப்பன்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி. தண்ணி போதும் போதும்னீங்களே.”

மூன்று பேரும் திரும்பினார்கள். பின்வாசலில் வேதநாயகி நின்றாள். இடுப்பில் கூஜா. மறுபடி நிரப்பியிருந்ததால் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

ஜெரால்டின் பூதக்கண்ணாடி பாயசக் கிண்ணத்தில் விழுந்தது.

“நனைச்சுட்டியா!” தாண்டவராயன் எழுந்த வேகத்தில் முழங்கால் சொடுக்கக்கூட மறந்துவிட்டது. ஓடிப்போய் இடது கையால் கூஜாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் இறங்கியது.

“உங்க கையிலயும் ஊத்தினேனே, தெரியலையா?”

“நான்... நான் பார்க்கலையே.”

“அதான் தெரியுமே,” என்றாள் வேதநாயகி. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

மெய்யப்பன் தன் உள்ளங்கைகளை மாறி மாறிப் பார்த்தார். “டாக்டரே, கனமே பேசும்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே!”

“எனக்குப் பத்தடி ஜாஸ்தி. ஒரு அடியிலயே தெரியலை,” என்றார் ஜெரால்டு. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

தாண்டவராயன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டை சொட்டச் சொட்ட, கூஜாவை விடாமல் அம்மாவிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“தகுதியானவன் யாருன்னு கேட்டேனேம்மா...”

அம்மா எழுந்து, கொல்லைக்கு நடந்து, வாழைமரத்தடியில் போய் நின்றார். தாண்டவராயனும் பின்னாலேயே போனார். அணைப்பிலிருந்து கூஜா கொஞ்சம் நழுவ, தூக்கிப் பிடித்தார். அவருடைய கட்டைவிரல் கைப்பிடியில் ஏறி இலையின் குழியில் போய் உட்கார்ந்தது. திடுக்கிட்டுக் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு வேதநாயகியைப் பார்த்தார். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

மோர்க்குழம்பு உலர்ந்துகொண்டிருந்த கையை அம்மா நீட்டினார்.

“கை காயுது. யாராவது கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்.”