வடிவு முதலில் போட்ட கல்

மலையடிவாரத்தில் பெண் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. எதை முடிவு செய்வதென்றாலும் அங்கே ஒரு பானை வைப்பார்கள். சம்மதம் என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் கூழாங்கல். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பானைப் பக்கம் போகக் கூடாது.

ஒரு கோடையில் கீழூர்க்காரர்கள் வந்து, மடத்துச் சுனைநீரில் பாதியைக் கேட்டார்கள். மறுநாள் மாலை பானை வைப்பதென்று ஆயிற்று.

மூத்த சிஷ்யை வடிவு குருவிடம் போனாள்.

"அம்மா, பதினாறு வயதுப் பெண்கள் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"கஞ்சி வடிக்கச் சொன்னால் சோற்றையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள். இவர்களுக்கு என்ன தெரியும்?"

குரு சிரித்தார். "இந்தத் தடவை என் முறையைப் பூவழகிக்குக் கொடு."

பூவழகிக்குப் பதினாறு வயது. செய்தி கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. "என்னையா அக்கா கேட்கிறார்கள்?" என்று வடிவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் காலைக் கூழுக்கு அவளைக் காணோம். உச்சிவெயிலில் புழுதிக் காலோடு வந்து சேர்ந்தாள்.

"எங்கேடி தொலைந்தாய்?"

"கீழூருக்கு, அக்கா. எத்தனை குடம் கிடைத்தால் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். இங்கிருந்து யாருமே வந்து கேட்டதில்லையாம். இருந்த தண்ணீரில் எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள்."

பிறகு சுனையருகே போய், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் வடிவுதான் முதலில் போனாள். கூழாங்கல்லைப் போட்டாள், வந்தாள்.

அடுத்து பூவழகி. பானை முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி, பானைக்குப் பூசையா போடுகிறாய்?" என்று பின்னாலிருந்து கேலி வந்தது.

அவள் எதுவும் போடாமல் வடிவிடம் திரும்பி வந்தாள். "அக்கா, நான் தப்பாகப் போட்டுவிட்டால் யாராவது தாகத்தில் தவிப்பார்களே!"

வடிவு நேரே குருவிடம் போனாள்.

"பார்த்தீர்களா அம்மா? அவளுக்குக் கை நடுங்குகிறது."

"உனக்கு நடுங்கியதா?"

"எனக்கு ஏன் நடுங்க வேண்டும்? இருபது வருஷமாகப் போடுகிறேன்."

"கீழூருக்குப் போனாயா?"

வடிவு கைகூப்பினாள்.

"அம்மா, பானைக்குள் அடியில் கிடப்பது என் கல். அதை எடுத்துக்கொள்ளட்டுமா?"

"எடுத்துக்கொள். பானை நாளை மாலைவரை இருக்கட்டும். கீழூருக்கு வழி தெரியாவிட்டால் பூவழகியைக் கேள்."