எள்ளம்மாவை ரெண்டு தடவை திருப்பி அனுப்பின சொம்பு

ஒரு ஊர்ல ஒரு எறும்பு இருந்துச்சாம். பேரு எள்ளம்மா. ஏன் எள்ளம்மான்னு கேக்காத, பூசணிக்கா அளவுக்கு இருந்திருந்தா பூசணியம்மான்னு வெச்சிருப்பாங்க. எங்க, ம் போடு. ஆங்.

மலை மேல செடி விக்கிற நர்சரி ஒண்ணு. அங்க ஒரு பூந்தொட்டிக்கு அடியிலதான் எள்ளம்மா வீடு. வீடு பூரா அக்கா தங்கச்சிங்க, ஆயிரம் பேரு. அத்தனை பேரையும் பெத்தது ஒரே ஆத்தா. உங்கம்மாவால உன் ஒருத்தியையே மேய்க்க முடியல, பாரு.

அந்த எறும்புங்களுக்கு வாய்ப்பேச்சு மேல நம்பிக்கையே கெடையாது. எல்லாம் மூக்குதான். தீனி கெடச்சா, திரும்பி வர்ற வழியெல்லாம் வயித்தைத் தரையில தேச்சு வாசனை வெச்சிட்டு வருவாங்க. மத்தவங்க அதை மோந்துக்கிட்டே போவாங்க. அப்புறம் இன்னொரு வழக்கம். வழியில பொண வாடை வந்தா, யாரு என்னன்னு பாக்க மாட்டாங்க. தூக்கிட்டுப் போய் வீட்டுக்குப் பின்னால குப்பைமேட்டுல போட்டுருவாங்க. அன்னிக்கு ஒருத்தரும் விருந்துக்குப் போகக் கூடாது. இதை ஞாபகம் வெச்சுக்கோ. ம்?

ஒரு நாள் உச்சிவெயில்ல எள்ளம்மா குடுகுடுன்னு தீனி தேடிப் போனா. அப்போ ஒரு செடியைப் பாத்தா. எலை நுனியில சொம்பு மாதிரி ஒண்ணு தொங்குது. சொம்புக்கு மேல குடை மாதிரி ஒரு மூடி. வாயைச் சுத்தி, வெத்தலை போட்ட ஒதடு மாதிரி செக்கச்செவேல்னு ஒரு வெளிம்பு. அதுல தேன் கசியுது.

வெளிம்பு மேல ஏறி, சுத்திச் சுத்தி நக்கினா. ஒண்ணும் ஆகல. உள்ள எட்டிப் பாத்தாளா? எங்க பாத்தா, வாய் நெறய தேன் இருக்கையில கண்ணு எங்க போகும். நீ கேசரி திங்கையில பாக்குறியா?

வயித்தைத் தேச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. மறுநாளும் உச்சிவெயில், பத்து பேரைக் கூட்டிட்டுப் போனா. பத்து பேரும் தின்னாங்க, பத்து பேரும் திரும்பி வந்தாங்க. வாசனை இப்போ ரோடு போட்ட மாதிரி ஆயிருச்சு.

கடைக்குட்டி தங்கச்சி ஒருத்தி, பேரு கசகசா. அவ எள்ளம்மா காலைப் புடிச்சுக்கிட்டா. "எக்கா, நானும் வரேன்."

"நாளைக்கு எல்லாருமே போறோம்டி. நீதான் முன்வரிசை."

மூணாம் நாள். எள்ளம்மாவுக்குப் பெருமை தாங்கல. "நான் போய் இடம் புடிக்கிறேன், நீங்க மெதுவா வாங்க"ன்னு முன்னாடியே ஓடிட்டா. அப்போ பாத்து சிலுசிலுன்னு சாரல். வெளிம்பு நனைஞ்சு போச்சு. எள்ளம்மா கால வெச்சா.

சர்ர்ர்ர். பொதக்.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

உள்ள தண்ணி. கொழகொழன்னு. எள்ளம்மா தலையைத் தூக்கிப் பாத்தா. ஈயோட றெக்கை கெடக்கு. குளவியோட கால் கெடக்கு, குளவியைக் காணோம். ஓரத்துல செவப்பு எறும்பு, ஒண்ணு பின்னால ஒண்ணா, வரிசை கூடக் கலையாம செத்துக் கெடக்கு. ஒரு வீடு மொத்தமும்.

எள்ளம்மாவுக்கு அப்போதான் புரிஞ்சுச்சு. இவங்களுக்கும் ஒருத்தி தேன் தின்னுட்டு, வழியெல்லாம் வயித்தைத் தேச்சிருக்கா. இந்தச் சொம்பு ரெண்டு நாள் என்னைப் பாவம் பாத்து விடல. ஆள் கூட்டிட்டு வர அனுப்பிச்சிருக்கு.

மேல கசகசா வந்துக்கிட்டிருக்கா. முன்வரிசையில.

சுவத்துல ஏறினா. மெழுகு பூசின சுவரு, சர்ர்ர், பொதக். இன்னொரு தடவை ஏறினா. சர்ர்ர், பொதக். அப்போ அடிச்ச காத்துல சவுக்கு மரத்து ஊசி எலை ஒண்ணு உள்ள விழுந்து, ஏணி மாதிரி சாஞ்சு நின்னுச்சு. மூணாவது தடவை அதைக் கட்டிப்புடிச்சு ஏறினா ஏறினா, வெளிய வந்து தொப்புனு செடிக்கு அடியில விழுந்தா, ஒடம்பெல்லாம் அந்தப் பொணம் ஊறின தண்ணியோட.

எதுக்க கசகசா. பின்னால பெரியக்கா. அதுக்கும் பின்னால ஆயிரம் பேரு.

"போகாதீங்கடி, அது தின்னுரும்"னு கத்தினா எள்ளம்மா.

யாரு கேட்டா? கசகசா மோந்து பாத்தா. "எக்கா, பொண வாடை அடிக்குது."

"அப்போ தூக்கு"ன்னா பெரியக்கா.

"நான் எள்ளம்மாடி. உசுரோடதான் இருக்கேன்."

"எக்கா, பொணம் பேசுது."

"பேசட்டும். கொஞ்சம் வாய் மிச்சம் இருந்திருக்கும். காலப் புடி."

எள்ளம்மா ஒதைச்சா, திமிறினா. அப்புறம் பாத்தா, கடைசியில நின்னவ திரும்புறா. அவளுக்கு முன்னால நின்னவளும் திரும்புறா. இன்னிக்கு விருந்து இல்லன்னு ஆயிரம் பேரும் வீட்டுப் பக்கம் நடக்குறாங்க.

உடனே எள்ளம்மா ஆறு காலையும் மடக்கிக்கிட்டு வெறைப்பாயிட்டா. அவ்வளவு அழகா ஒருத்தரும் செத்தது கெடையாது.

குப்பைமேட்டுல போட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் அடிச்ச மழையில வழி வாசனையெல்லாம் கழுவிட்டுப் போச்சு. எள்ளம்மா அங்கேயே உக்காந்து ஒடம்பை நக்கு நக்குன்னு நக்கினா, மூணு நாளு. நாலாம் நாள் வீட்டுக்குள்ள வந்தா. எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கசகசா கிட்ட வந்து மோந்து பாத்தா. மறுபடி மோந்தா. "எக்கா, நீயா? எங்க போன இத்தனை நாளு?"

"நீதானடி என்னைத் தூக்கிட்டுப் போய்ப் போட்ட."

கசகசா அப்புறம் கேட்டா, "அந்தத் தேன் சொம்பு எந்தப் பக்கம்க்கா?"

"மறந்துட்டேன்"னா எள்ளம்மா.

அன்னிலேருந்து எங்க இனிப்பு கெடச்சாலும் எள்ளம்மா மொதல்ல உள்ள எட்டிப் பாப்பா. அப்புறம்தான் வயித்தைத் தரையில வெப்பா.

சொம்பு இன்னும் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் தொங்குது. நீ ஒன் வாயை மூடு. எறும்பு புத்துக்குள்ள போச்சு, கதையும் பின்னாலயே போச்சு, நீ போர்வைக்குள்ள போ. ம்?

ம் இல்லையா. சரி.